வண்டிக்கு முன்னே வந்த ஹெல்மெட்

என் கணவரின் அக்காவிடம் போனில் பேசும்போது நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பேன். அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அரியலூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். நாங்கள் இருப்பது பெரம்பலூரில். வாரம் இரண்டு தடவையாவது கூப்பிடுவார். பேச்சு வாக்கில் நான் ஏதாவது ஒரு குறையைச் சொல்லிவிட்டால் போதும், அது கிறிஸ்துமஸ் அன்று காலையில் வண்ணத்தாள் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

கல்யாணமான முதல் வருஷம் எனக்கு இந்த விஷயம் தெரியாது. கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், அண்ணி முதல் பஸ்ஸிலேயே வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறார். கையில் துணிக்கடை அட்டைப்பெட்டி. பட்டுப்புடவை என்று முடிவு செய்துவிட்டேன். என்ன நிறம் என்பதுதான் பாக்கி. பெட்டியைத் திறந்தேன். உள்ளே செய்தித்தாள். அதற்குள் இன்னும் செய்தித்தாள். அடியில் குக்கருக்குப் போடும் ரப்பர் வளையம் மூன்று.

"விசிலே வர மாட்டேங்குதுன்னு சொன்னீல்ல? மூணா வாங்கிட்டேன். ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அழுதுகொண்டே புது வளையத்தைப் போட்டுக் குக்கரை அடுப்பில் வைத்தேன். அந்தப் பாழாய்ப்போன குக்கர் அன்றைக்கென்று பார்த்து அத்தனை கம்பீரமாக விசிலடித்தது. மூன்றாவது விசிலில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் உஷாரானேன். குறை சொன்னால்தான் பொருள் வரும் என்றால், நல்ல குறையாகச் சொல்லிவைப்போமே. நவம்பர் மாதம் ஒருநாள் போனில் பெருமூச்சு விட்டுச் சொன்னேன்.

"என்னமோ தெரியல அண்ணி, கழுத்து வெறிச்சுன்னு இருக்கு."

"அப்படியா?" என்றார். அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு மெல்லிய சங்கிலி, வேண்டாம், ஒரு கவரிங் சங்கிலியாவது வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது கம்பளி மப்ளர். தவிட்டு நிறம்.

"காலங்காத்தால பஸ் ஸ்டாப்புல நிக்கிறவ, பனியில கழுத்தத் தொறந்து போட்டா என்னாவறது?"

என் கணவர் அன்று மதியம் வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சாப்பிட்டார். பார்த்தால் சிரித்துவிடுவார்.

மூன்றாவது வருஷம் ஏணி. மேஜை மேல் நாற்காலி போட்டு ஸ்டார் கட்டுகிறோம் என்று வாய்தவறிச் சொல்லியிருந்தேன். ஏழடி அலுமினிய ஏணி. அதற்கும் பச்சைத்தாள் சுற்றி, உச்சியில் சிவப்பு ரிப்பன் வேறு கட்டியிருந்தார். அரியலூரிலிருந்து பஸ்ஸிலேயே கொண்டுவந்திருந்தார். நடத்துநர் ஏற்ற மாட்டேன் என்றிருக்கிறார். "பண்டிக நாளு, யாரையாவது எறக்கிவுட்டுட்டுப் போவீங்களா சார்?" என்று கேட்டாராம். ஏணியையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்பது நடத்துநருக்குப் புரிவதற்குள் ஏணி பின்சீட்டுக்குப் போய்விட்டது.

இப்படி வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. கொசு மட்டை, கத்தி தீட்டும் கல், இன்வெர்ட்டர், சாவி தொங்கவிடும் பலகை. ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. ஒன்றைக்கூட உபயோகப்படுத்தாமல் வைத்ததும் இல்லை. நாங்கள் பதிலுக்கு அவருக்குப் புடவைதான் கொடுப்போம். "நல்லாருக்கு" என்று சொல்லிப் பீரோவில் வைத்துவிடுவார்.

எனக்கு முப்பத்தெட்டு வயதானபோதுதான் அந்த ஹெல்மெட் வந்தது.

நான் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். இருபுறமும் மக்காச்சோளக் காடு, நிழல் என்று ஒரு மரம் கிடையாது. "வெயில்ல மண்ட காயுது அண்ணி" என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் ஹெல்மெட்? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

"மண்ட காயுதுன்னா குடை வாங்கித் தரணும்க்கா. இத மாட்டிக்கிட்டு இவ நடந்து போவாளா?" என்றார் என் கணவர்.

அண்ணி சிரிக்கவில்லை. "குடை குடுத்தா ரிட்டயர் ஆவுற வரைக்கும் நடந்துகிட்டே இருப்பா. இது இருந்தா வண்டி வந்துரும்."

நான்கு மாதம் அந்த ஹெல்மெட் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களோடு சீரியல் பார்த்தது. வருகிறவர்கள் எல்லாம் "யார் வண்டி ஓட்டுறது?" என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் விற்ற பழைய ஸ்கூட்டியை ஏப்ரலில் வாங்கினேன்.

என் கணவர் கற்றுக்கொடுத்தது இரண்டே நாள். முதல்நாள் அவர் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்த, நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். இரண்டாம் நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் உண்டு. எந்நேரமும் ஸ்கூட்டியில் துணி மூட்டையோடு பறந்துகொண்டிருப்பார். அவர்தான் பரிதாபப்பட்டு, விடியற்காலையில் மைதானத்துக்கு வரச் சொன்னார்.

"நான் பிஸ்மில்லா சொல்லிக்கிறேன் டீச்சர். நீங்க ஒங்க மாதாவக் கூப்புட்டுக்குங்க. ரெண்டு பேர்ல யாராச்சும் புடிச்சுக்குவாங்க."

யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. கோல்போஸ்ட் மட்டும்தான் பிடித்துக்கொண்டது. முழங்கையில் தோல் போனது, வண்டியின் கண்ணாடி ஒன்று உடைந்தது. அக்கா ஓடிவந்து முதலில் வண்டியைத்தான் தூக்கினார். "எந்திரிங்க, எந்திரிங்க, ஒண்ணும் ஆவல. நான் புர்காவோட வுழுந்து எந்திரிச்சவ."

லைசென்ஸுக்கு எட்டு போடும்போது முதல்தடவை கால் ஊன்றிவிட்டேன். இரண்டாம் தடவை அதே இடத்தில். மூன்றாம் தடவை எட்டு என்று சொல்ல முடியாவிட்டாலும் அதற்கு நெருக்கமான ஏதோ ஒன்றைப் போட்டேன். அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வெளியே வந்து அண்ணிக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"அப்படியா, சரி. டயர்ல காத்து செக் பண்ணிக்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு விடுதியில் ஊருக்குப் போகாத பிள்ளைகள் சிலர் இருந்ததால் அண்ணியால் வர முடியவில்லை. நானே வண்டி ஓட்டிக்கொண்டு அரியலூருக்குப் போனேன். பின்னால் கேக் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி என் கணவர். சிமென்ட் லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் அவர் வாயிலிருந்து ஏதோ ஜெபம் வந்தது. அது எனக்காகவா கேக்குக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அண்ணியைப் போல நானும் அவருடைய குறையைக் கண்டுபிடித்து ஒரு பொருள் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனுஷி ஒரு குறை சொல்லவில்லை. கேக்கைத் தவிர வெறுங்கையோடு வந்ததால் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கு என்னதான் வேணும் அண்ணி?"

மேஜையில் சிந்திய கேக் தூளை விரலால் ஒதுக்கினார். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"திருமழபாடியில கொள்ளிடத்துல தண்ணி போவுதாம். சும்மா பாக்கணும்."

"எதுக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"சும்மாதான்டா."

மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைச் சமையல்காரம்மாவிடம் ஒப்படைத்தோம். என் கணவர் வரவேற்பறை பெஞ்சில் படுத்துத் தூங்க ஆரம்பித்திருந்தார். அவருடைய ஹெல்மெட்டை அண்ணிக்கு மாட்டிவிட்டு ஏற்றிக்கொண்டேன்.

ஆற்றில் பாதி மணல், பாதி தண்ணீர். அண்ணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். நாங்கள் எப்போதோ கொடுத்த புடவை அது. ஒரு மணி நேரம் நின்றார். குளிக்கவில்லை, கரையிலிருந்த சிவன் கோயிலுக்கு வந்தவர்களிடம் பேசவில்லை, எதையும் பொறுக்கவில்லை. குஞ்சு மீன்கள் காலைக் கடித்தபோது மட்டும் "ஏய், ஏய்" என்று சின்னப் பெண் மாதிரிக் கத்தினார்.

திரும்பும்போது நான் வழக்கம்போல இருபதில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"ஏம்மா, இந்த வண்டி இவ்ளோதான் போவுமா?"

"பயமா இல்லயா அண்ணி?"

"எனக்கென்ன பயம்? போ, போ!"

ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வார்டன் ஊளையிட்டார்.