ஏழு வெள்ளைக் காய்

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று: சொன்னது சொன்னதுதான். இரண்டு: விளக்கு எரிகிற வரைக்கும் காற்று நல்லது. இரண்டையும் என் கையால்தான் எழுதினேன். இரண்டாவதை நம்பி ஒரு மனிதர் இறங்கினார். அதனால் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுக்காக எழுதிய விதிகள் அவை. கல்லூரியில் படித்தபோது கம்ப்யூட்டர் லேபில் சண்டைக் கலை விளையாட்டுகளைத் தெரிந்துகொண்டேன். அதில் நாம் ஒரு வீரனாக இருப்போம். கை, கால், கம்பு எல்லாம் பழகுவோம். ஆனால் அடிப்பதைவிட எனக்குப் பிடித்தது வேறு. வழியில் காயம்பட்டுக் கிடக்கும் எதிரிக்குத் தண்ணீர் கொடுத்தால் திரையின் ஓரத்தில் ஒரு கோடு வெளுக்கும். உதைத்துவிட்டுப் போனால் கறுக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் குருமார்கள் கதவைத் திறப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும் வரை தரைக்குக் கீழே வேலை பார்த்தவர். நல்லது எது கெட்டது எது என்று வீட்டில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அளந்து காட்டியது அந்த விளையாட்டுதான். நான் அதை முழுசாக நம்பினேன்.

பெங்களூரில் வேலை கிடைத்துக் காலை ரயிலில் போய் வர ஆரம்பித்த பிறகு, போனில் விளையாடச் சிக்னல் நிற்கவில்லை. அதனால் காகிதத்தில் ஒன்று செய்தேன். லூடோ டப்பாவிலிருந்து ஒரு பகடை. அதை உருட்ட டிபன் பாக்ஸ் மூடி. கோட்டுக்குப் பதிலாகக் கேரம் காய்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பாவில் பத்துக் காய், ஐந்து வெள்ளை, ஐந்து கறுப்பு. நல்லது செய்தால் ஒரு கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை போடுவேன். கெட்டது செய்தால் தலைகீழாக. ஏழு வெள்ளை சேர்ந்தால் மலைமேல் இருக்கும் குரு கொல்லாமல் மடக்கும் பிடியைச் சொல்லித்தருவார். ஏழு கறுப்பு சேர்ந்தால் ஆற்றோரத்துக் குரு நரம்படியைச் சொல்லித்தருவார். நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு கதவும் சாத்தியே இருக்கும்.

கதை சொல்வது நான். ஆடுவது இரண்டு பேர். ஒருவன் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் பக்கத்து வீட்டு நண்பன், வைட்ஃபீல்டு பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். இன்னொருவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எலக்ட்ரீஷியன். அவனுக்கு மாமா என்பதால் எனக்கும் மாமா.

நண்பன் முதல் வாரத்திலிருந்தே வெள்ளை. பொய் சொல்ல மாட்டான், பின்னாலிருந்து அடிக்க மாட்டான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவான். மாமா கறுப்பு. வழிப்போக்கனின் செருப்பைத் திருடுவார். கூட வந்தவனைப் பாலத்தில் விட்டுவிட்டு ஓடுவார். பங்காருப்பேட்டையில் ஏறுகிறவர்கள்கூட அவருடைய முறை வந்தால் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னா மாமா, அந்தக் கெழவன் உனுக்குச் சோறு போட்டான். அவனையே அடிக்கிறியே?"

"உப்பு கம்மிடா. அதான்."

"ஒரு கறுப்பு," என்று நான் காயை மாற்றுவேன்.

"மாத்திக்கோ. நாளைக்குக் கோயில்ல ஒரு வெளக்கு ஏத்திட்டா வெள்ளை தருவல்ல? இவன் ரூல்ஸ்ல பாவம் பண்றவனுக்குத்தாண்டா லாபம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கோபம். மனதுக்குள் நான் அவரையும் அந்தக் காய்களை வைத்தே எடைபோட ஆரம்பித்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பனை நம்பலாம், மாமாவை விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாமா மாறினார். ஜோக் குறைந்தது. அவருடைய ஒப்பந்த வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கே அது தெரியாது. தினமும் டிபன் பாக்ஸோடு எங்களுடன் ரயிலேறினார். இறங்கி எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய முறை வரும்போது கேள்விகள் மட்டும் அதிகமாயின. கதையில் நான் ஒரு பாழடைந்த மடத்தை வைத்திருந்தேன். அதன் நடுவில் மூடிய கிணறு. அடியில் செத்துப்போன குருவின் செப்புக் கம்பு.

"நான் எறங்கறேன்," என்றார் மாமா.

"கறுப்புக்காரன் எதுக்குக் கெணத்துல எறங்கணும்? வேற ஆள அனுப்பு மாமா," என்றான் நண்பன். "உனுக்கு அதான் வழக்கம்."

"நான்தான் எறங்குவேன். நீ மேல நின்னு கயிறு புடி. எத்தினி தரம் இழுத்தா தூக்குவ?"

"ஒண்ணு இழுத்தா நிறுத்தறேன். ரெண்டுன்னா எறக்கறேன். மூணுன்னா தூக்கறேன்."

"மூணு. மறந்துடாத." பிறகு என்னைப் பார்த்தார். "கீழ காத்து எப்பிடின்னு எப்பிடித் தெரியும்?"

அப்பா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பெருமையாகவே சொன்னேன். "வெளக்கு எரியற வரைக்கும் காத்து நல்லது மாமா. அணைஞ்சா மேல வந்துடணும்."

"நோட்டுல எழுதிக்கோ," என்றார். எழுதிக்கொண்டேன். அவர் இறங்க ஆரம்பித்தார். பாதிக் கிணற்றில் இருக்கும்போது எங்கள் ஊர் மாரிக்குப்பம் வந்துவிட்டது. அது வெள்ளிக்கிழமை. அந்த ஆட்டம் அங்கேயே நின்றது.

சனிக்கிழமை மாமா ரயிலுக்கு வரவில்லை. சாயங்காலம் திரும்பும்போது நண்பனின் பையில் புது நைலான் கயிற்றைப் பார்த்தேன். கட்டுப் பிரிக்காதது. அதற்குக் கீழே தலையில் மாட்டுகிற பேட்டரி லைட் ஒன்று.

"இன்னாடா இது?"

அவன் பையை மூடினான். "சத்தியம் பண்ணு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். கையில் அடித்தேன்.

"நாளைக்கு மதியம் மூடுன சொரங்கத்து ஷாஃப்ட்ல ஒரு வேல கீது. கேபிளு. உள்ள செம்பு இன்னும் தொங்கிகினு கீது மச்சா. மூடியில ஓட்டை போட்டுட்டாங்க."

"லூசாடா நீ? எத்தினி பேரு அதுல போயி..."

"சத்தியம் பண்ணிகீற," என்றான். பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் வெள்ளையாக வந்துகொண்டிருந்தன.

யார் கூப்பிட்டார்கள், யார் இறங்குகிறார்கள் என்று அவன் சொல்லவே இல்லை. அவன்தான் இறங்கப்போகிறான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கயிறு அவன் பையில், லைட் அவன் பையில். வேறு எப்படி நினைப்பது? ஒரு வாரமாகக் கிணற்றைப் பற்றிக் கேள்வி கேட்டது மாமா என்பது என் தலையில் ஏறவில்லை. மாமாதான் கறுப்பாயிற்றே. கறுப்புக்காரன் இறங்க மாட்டான், அடுத்தவனைத்தான் இறக்குவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிவரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். என் விளையாட்டில் சத்தியத்தை மீறினால் மூன்று காய் கறுக்கும். சிரிக்காதீர்கள். உண்மையாகவே அதைத்தான் யோசித்தேன். ஒருவன் உயிரோடு இருப்பதற்கு மூன்று காய் போகட்டும் என்று முடிவெடுத்தபோது என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்தது.

நண்பனின் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"மதியம்னு சொன்னான்க்கா."

"உங்க மாமாவும் இல்லியே. பேத்தமங்களாவுல மீன் வாங்கிகினு வரேன்னு காலைலயே போயிட்டாரு. அவரு இருந்தா இவன ரெண்டு போடுவாரு."

அவரே பின்கட்டுக்குப் போனார். நண்பன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். பேசாமல் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டும் போட்டார். உள்ளிருந்து அவன் ஒரு தரம் மட்டும் தட்டினான். "அக்கா, தெற." அப்புறம் சத்தமில்லை.

"சும்னே உள்ளயே கெட," என்று அக்கா சத்தம் போட்டார். "பொழுது சாயட்டும், தெறக்கறேன்."

எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த மெஷின் சத்தத்தில் எவ்வளவு நேரம் போயிற்று என்று பிறகு கணக்குப் பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கதவுக்கு அந்தப் பக்கம் நண்பன் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். அக்காவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று மாமாவுக்கு அவன் சத்தியம் பண்ணியிருந்தான். தான் இல்லாமல் மாமா இறங்க மாட்டார் என்று அவன் நம்பினான். கயிறு பிடிக்க ஆள் வரவில்லை என்றால் திரும்பிவிடுவார் என்று நினைத்தான். வெள்ளைக் காய்க்காரன். வாக்கைக் காப்பாற்றினான்.

பன்னிரண்டு மணிக்கு மேல், குறித்த நேரம் வந்ததும், கதவு உடைகிற மாதிரி ஆடியது.

"அக்கா! தெறக்கா! மாமா எறங்கிடுவாரு! நான் கயிறு புடிக்கணும்!"

அக்கா சாவியைத் தேடினார். சாவி மெஷினுக்கு அடியில் துணிக்குள் விழுந்திருந்தது.

ஓடினோம். ஷாஃப்ட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். முள்செடிகளைத் தாண்டினால் காங்கிரீட் மூடி. அதன் ஓரத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நண்பன் முந்தின நாள் இரவே கொண்டுபோய்க் கொடுத்த கயிறு, பழைய இரும்புத் தூண் ஒன்றில் கட்டியபடி உள்ளே போயிருந்தது. இறுகி இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பீடி மட்டும் தரையில் புகைந்துகொண்டிருந்தது. கேபிள் வாங்குகிறவன் அனுப்பிய ஆள் கயிற்றைப் பிடித்திருக்கிறான், பதில் வரவில்லை என்றதும் ஓடியிருக்கிறான். மூன்று இழுப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால்கூட மாமா இழுத்தாரா இல்லையா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். கீழே, நான் பயந்த அளவுக்கு ஆழமில்லை, ஒரு வெளிச்சம் தெரிந்தது. அசையாத வெளிச்சம்.

"வெளக்கு எரியுதுடா!" என்று கத்தினேன். கடவுளே, சந்தோஷமாகக் கத்தினேன். "ஒண்ணும் ஆகல! எரியுது!"

கிரிக்கெட் ஆடியவர்கள் ஆறு பேரும் நாங்களும் சேர்ந்து இழுத்தோம். இடுப்பில் கயிறு கட்டியபடி, தலை தொங்கியபடி மேலே வந்தார். நெற்றியில் அந்தப் பேட்டரி லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வெயிலில்கூடக் கண் கூசியது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வண்டிக்குள், அக்காதான் அதைக் கழற்றினார்.

விஷயத்தைக் கேட்ட அன்றே அப்பா என்னைக் கூப்பிட்டார். மாமா கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன்.

"நெருப்புக்குடா அது," என்றார் அப்பா. "நெருப்பும் மூச்சு வுடுது. காத்து கெட்டா அது மொதல்ல சாவும். பேட்டரி எதுக்குச் சாவணும்?"

மாமா பிழைத்தார். மூச்சு வந்துவிட்டது, மற்றவை எல்லாம் வரவில்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், சட்டைப் பித்தானை அக்கா போட்டுவிட வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வருகிறது. நண்பன் இரண்டு மாதம் என்னுடன் பேசவில்லை. ரயிலில் வேறு பெட்டியில் ஏறினான். அவனும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவனிடம் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அவன் வாயைத் திறந்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஓடியிருப்போம். இதில் யாருக்கு எத்தனை காய் மாற்றுவது என்று என் நோட்டில் இல்லை. தன் மச்சானை மேலே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே இறங்கிய மாமாவின் டப்பாவில் எட்டுக் கறுப்பு அப்படியே கிடக்கிறது.

போன வாரம் நண்பன் எங்கள் பெட்டிக்கு வந்தான். நின்றுகொண்டே சொன்னான்.

"மாமா உன்னக் கூப்புடறாரு. நோட்டும் எடுத்துனு வரணுமாம்."

"எதுக்கு?"

"அவரு ஆட்டம் முடியலியாம்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டார். மாமா என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் மூடியையும் பகடையையும் எடுத்து வைத்தேன். அவர் டப்பாவைத் திறந்து, கறுப்புக் காய்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"மாமா, பாதிக் கெணத்துல கீறீங்க," என்றேன். "தூக்கிடறோம். மூணு தரம் இழுத்தேன்னு சொல்லுங்க. போதும். தூக்கிடறோம்."

நண்பன் கதவோரம் நின்று, கையில் கயிறு இருப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான்.

மாமா யோசித்தார். உதடு அசைந்தது. சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வெளக்கு... எரியுதா?"

நான் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"எரியுதுல்ல?" என்று அவரே சொன்னார். பிறகு வலது கையைத் தூக்கி, காற்றில் இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்து, மெதுவாக இழுத்தார். ஒன்று. இரண்டு. நாங்கள் மூன்றாவதற்காகக் காத்திருந்தோம். கை கீழே இறங்கி மடியில் படுத்துக்கொண்டது.

"எறக்கு," என்றார்.

சொன்னது சொன்னதுதான் என்ற முதல் விதியை அடித்துவிடலாம் என்று அங்கேயே பேனாவை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவை மூடி, பகடையை அவர் கையில் கொடுத்தேன்.