ஐந்தருவி விழுங்கிய சத்தம்

சாரல் தொடங்கிவிட்டால் வேல்விழி விடிந்ததும் விடியாததுமாக ஐந்தருவிக்குப் போய்விடுவாள். பெண்கள் பக்கம் கூட்டம் சேருமுன் பாறையில் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடுவாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போகும். மலையே மெல்ல மேலே மிதப்பது போல இருக்கும். அப்போது வாயைத் திறந்து கத்துவாள். பக்கத்தில் குளிப்பவளுக்குக்கூடக் கேட்காது. அருவி அதை வாங்கி விழுங்கிவிடும்.

கத்துவது நேர்த்திக்கடனுக்காக இல்லை, தேக்வாண்டோவுக்காக.

இலஞ்சிக்காரி. தென்காசியில் பெட்ரோல் பங்கில் வேலை. மகள் அபியை அந்தக் கொரியச் சண்டைக்கலை வகுப்பில் சேர்த்துவிட்டு, கல்யாண மண்டப மாடியில் ஓரமாகக் காத்திருந்தவள் ஒருநாள் எழுந்து தானும் காலை வீசிப் பார்த்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மகள் சலித்துப்போய் நின்றுவிட்டாள், அம்மா நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் முகம்மது ரபீக் கடையநல்லூர்க்காரன், அவளுக்குத் தம்பி வயது. துபாயில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்தவன்.

உதை வந்தது. தடுப்பு வந்தது. பிடிக்கிற கையை முறுக்கி மடக்குவதும் வந்தது. அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து போடவேண்டிய சத்தம் மட்டும் வரவில்லை. கிஹாப் என்பார்கள் அதை. போன தேர்வில், இடுப்பில் கட்டும் சிவப்புப் பட்டை அவளுக்குக் கிடைக்காமல் போனது அதனால்தான்.

“சத்தத்த முழுங்குதியக்கா,” என்றான் ரபீக். “காலு அடிக்கு, வாயி மன்னிப்பு கேக்கு.”

முழுங்கப் பழக்கியது யார்? பெண் குரல் வாசல் தாண்டக்கூடாது என்று எந்தச் சாமியும் இறங்கி வந்து சொல்லவில்லை. சொன்னவர்கள் மனிதர்கள், சொன்னதால் நிம்மதியாகத் தூங்கியவர்களும் அவர்களே. வேல்விழிக்கு இப்படிப் பேசத் தெரியாது. அருவிக்குப் போகத் தெரிந்தது.

மறுதேர்வுக்கு முந்தின சாயங்காலம். சீசன் கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஜன்னல் வழியே சாரல் முகத்தில் தூவியது. வயல்கள் பச்சைக் கனவாக நழுவிக்கொண்டிருந்தன. அவளுக்கு லேசாகக் கண் சொருகியது.

இடுப்பில் ஒரு கை ஊர்ந்தது.

அந்த விரல்களைப் பற்றி, மணிக்கட்டை வெளிப்பக்கமாக முறுக்கினாள். ஆள் மடங்கி முழங்காலிட்டான். நெற்றியில் விபூதி, சலவைச் சட்டை. அப்போது அவள் அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. விழுங்க அங்கே அருவி இல்லை. டிரைவர் பிரேக் போட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின.

கையை விட்டாள். அப்புறம்தான் அது நடந்தது. வகுப்பில் ஒவ்வொரு மோதலும் முடிந்ததும் எதிராளியைப் பார்த்துக் குனிந்து வணங்குவது வழக்கம். இத்தனை வருடப் பழக்கம். கால்கள் தாமாகச் சேர்ந்தன, தலை தாழ்ந்தது.

அந்த ஆள் எழுந்து சட்டையை உதறினான். “சரிம்மா, தப்ப உணர்ந்துட்டேல்லா. போட்டும்,” என்று பெருந்தன்மையாகச் சொன்னான். பஸ் மொத்தமும் அப்பாடா என்று மூச்சுவிட்டது. கண்டக்டரும், பொம்பளைக்குத்தானே அசிங்கம், பெரிய மனுஷன் மன்னித்துவிட்டார், இத்தோடு விடுங்கள் என்று சமாதானம் பேசினார்.

வேல்விழிக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் மறுபடி அதே மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நான் கும்பிட்டது சண்ட முடிஞ்சிட்டுன்னு நெனச்சி. முடியல போல,” என்றாள். “அண்ணாச்சி, வண்டிய ஸ்டேசனுக்கு விடுங்க.”

டிரைவர் தயங்கினார். அவள் இன்னொரு தடவை கத்தினாள். பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல், “விடச் சொல்லுதால்லா, விடுமய்யா,” என்றது. அப்புறம் இன்னொன்று. வண்டி திரும்பியது. புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடியும்வரை பெண்கள் சிலர் வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒருத்தியையும் அவளுக்கு முன்னே பின்னே தெரியாது.

மறுநாள் தேர்வில் தொண்டை கட்டிப்போயிருந்தது. உதையோடு வந்த சத்தம் காக்கை கரைந்தது போல இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முகம் சுளித்து ரபீக்கைப் பார்த்தார்.

“நேத்து பஸ்ஸுல போட்டுத் தீத்துட்டாங்க சார்,” என்றான் ரபீக். “எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சாம்.”

வேல்விழிக்கு அந்தச் சிபாரிசு பிடிக்கவில்லை. அவனைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி காலைத் தூக்கினாள். கரகரப்பாக, உடைந்து, ஆனால் முழுசாக வந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்த புறாக்கள் படபடவென்று எழும்பிச் சாரலுக்குள் மறைந்தன.

தேர்வாளர் பேனாவை எடுத்தார். அவள் குனிந்து வணங்கினாள்.