தலைக்குப் போட்ட பசை

எனக்கு முடி ஜாஸ்தி, பொறுமை கம்மி. குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். இடுப்பைத் தாண்டித் தொங்கிய பின்னலில் எனக்கு அப்படியொரு கர்வம். ஆனால் நுனியில் ஒவ்வொரு முடியும் இரண்டாகப் பிளந்து, தேய்ந்த துடைப்பம் போல நின்றது. எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தால்தானே? ஈரத்தலையை வறட்டு வறட்டென்று சீவிவிட்டுத் தறிக்கு ஓடுகிறவள் நான்.

ஆற்காட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அவர்களும் நெசவுக்காரர்கள்தான். மாப்பிள்ளையை ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அம்மா கத்தரிக்கோலோடு வந்தாள்.

"நுனியில நாலு விரக்கடை வெட்டிடலாம்டி. இல்லன்னா வெடிப்பு மேல ஏறிக்கினே போவும்."

"நாலு விரக்கடையா? அவங்க வர்ற நேரத்துலயா? கிட்ட வராத."

"உன்னோட பெரிய பேஜாரு" என்று அம்மா போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை தெருவில் லுங்கி நெய்வதற்கான பாவு நூலை நீட்டிக் கட்டி, அந்த நீள நூல்களுக்கு அரிசிக்கஞ்சிப் பசை தடவினோம். பிசிறு பிசிறாக நின்ற நூலெல்லாம் பசை பட்டதும் வழவழவென்று படிந்தது. என் புத்தி அங்கே போனது. நூலுக்கு ஆவது முடிக்கு ஆகாதா? மிச்சப் பசையை வழித்து முடிநுனியில் தடவி, வெயிலில் காயவைத்தேன்.

காய்ந்ததும் கடைசி ஒரு சாண் கட்டையாகிவிட்டது. சீப்பு இறங்கவில்லை. அலசு அலசென்று அலசியும் பாதிதான் போனது. பின்னிக் குஞ்சலம் கட்டி மறைத்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா பின்னலைத் தொட்டுப் பார்த்தார். பெண் சவுரி வைத்துப் பின்னியிருக்கிறாளா என்று பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். குஞ்சலத்துக்கு மேலே வந்ததும் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

"இன்னாம்மா இது?"

"பசைங்க. வெடிச்ச முடி படியட்டும்னு போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஈரத்துலயே பிரிச்சு விடலியா? அப்படியே காயவிட்டா இழையோட இழை ஒட்டிக்கும்னு தெரியாது? நெசவுக்கார வூட்டுப் பொண்ணுதானே நீ?"

முடியைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். வேலையைச் சொன்னதும் சுருக்கென்றது.

"பாவுன்னா பிரிப்பேங்க. தறியில இருக்கறது நான் பசை போட்டதுதான், தொட்டுப் பாருங்க. இது என் தலை. அவசரத்துல போட்டுட்டேன்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவர் எழுந்து தறிக்குப் போய், பாவின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே நின்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் கெட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் அம்மாவிடம் கத்தரிக்கோல் கேட்டார். குஞ்சலத்தைக் கழற்றி, நறுக்கென்று வெட்டினார்.

"ஈரத்தலைய சீவாத. நுனிக்கும் தேங்காண்ண வையி. வெடிக்க ஆரம்பிச்சா ஒடனே கொஞ்சமா வெட்டிடணும். நம்ம வூட்டுக்கு வந்தப்புறம் அத நானே பாத்துக்கறேன்."

நம்ம வீடு என்று அவர் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் மடியில் கிடந்த முடி நாலு விரற்கடைக்கு மேலேயே இருக்கும். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.