நைலான் கயிறு கட்டிய கதவு

வாஷிங்மெஷின் வேலையில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் நடந்ததைத்தான் சொல்வேன்.

"டோர் லாக் விழல, ஓட மாட்டேங்குது" என்று முந்தின நாள் போன் வந்திருந்தது. சின்ன கம்ப்ளெயின்ட். செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, வழியில் டீயும் குடித்துவிட்டு மெதுவாகத்தான் போனேன். வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

"உள்ள வராத அண்ணாத்த! அங்கியே நில்லு!"

நடையில் ஃப்ரண்ட் லோடு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வட்டக் கதவில் முதுகை வைத்து, எதிர்ச்சுவரில் கால்களை உதைத்து உட்கார்ந்திருந்தார் அந்த வீட்டு தேவகியம்மா.

"இன்னாம்மா, மெஷினுக்கு முட்டுக் குடுக்கிறியா?" என்று சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத. வுட்டா கொதி தண்ணி மேல கொட்டும்."

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். ஆவி பறக்கத் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. அதற்கும் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடம். சிரிப்பை விட்டு, டூல் பையை வாசலிலேயே இறக்கி வைத்தேன்.

நடந்தது இதுதான். கதவின் ஹூக் உடைந்து, முனை லாக்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் ஏழுமலை கடலுக்குப் போகிறவர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீடு வந்திருந்தார். படுத்திருக்க வேண்டிய மனிதர் எழுந்து வந்து, அந்த முனையை ஸ்குரூ டிரைவரால் இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறார். லாக் விழுந்துவிட்டது. கதவு மூடியிருப்பதாக நினைத்து மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. நிஜக் கதவைப் பிடிக்க, மெஷினைச் சுற்றி நைலான் கயிறு. "போட்டையே நிறுத்துற முடிச்சு, இது இன்னா பெரிய கதவு" என்றாராம். ஆஸ்பத்திரித் துணி ஆயிற்றே என்று தேவகியம்மா ஹாட் வாஷில் போட்டிருக்கிறார். கடல் தண்ணீரில் நிற்கிற நைலான், சூட்டில் இளகி நீண்டுவிட்டது. கதவு விலகியதும் தேவகியம்மா ஓடி வந்து முதுகைக் கொடுத்திருக்கிறார்.

"கை நீட்டி சுவிச்ச அமுக்கட்டுமா?"

"ஈரக் கையால தொடாதம்மா! மெயின் எங்க கீது?"

"அவரு ரூம்ல. கட்டிலுக்கு மேல."

அந்த ரூமுக்குப் போக இந்தத் தண்ணீரைத்தான் தாண்ட வேண்டும். அதற்குள் உள்ளேயிருந்து, "இரு, நான் வந்து புடிக்கிறேன்" என்று ஏழுமலையின் குரல். கட்டில் கிறீச்சிட்டது.

"எறங்காத! தையல் பிரிஞ்சிடும்!" என்று தேவகியம்மா கத்தினார்.

என் பயம் தையல் அல்ல. தண்ணீர் அந்த ரூமின் கதவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, கால தரையில வெக்காதீங்க! தண்ணியில கரண்ட் பாஞ்சா மூணு பேரும் போய்டுவோம். படுத்துக்கினே மெயின் எட்டுதா?"

"எட்டுது... கைய தூக்குனா வயிறு இழுக்குதுபா."

"ஒரே ஒரு தபா. கீழ தள்ளுங்க."

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பாக்ஸின் விளிம்பைத் தொடப் போனது. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் வரிசையாக வந்தார்கள். ஒருவருக்கும் ஒயரிங் தெரிந்ததாகத் தோன்றவில்லை. தேவகியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

டக்.

ஃபேன் நின்றது. டிரம் நின்றது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தேன். மெஷினின் அடியில் சின்ன மூடியைத் திறந்து, தண்ணீர் வடிகிற குழாயை இழுத்து, பக்கெட் பக்கெட்டாகச் சுடுதண்ணீரை வடித்தேன். அதுவரை அந்த அம்மா முதுகை எடுக்கவில்லை. எழச் சொன்னபோது எழ முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. முதுகு செவசெவ என்று கன்றியிருந்தது.

லாக்கைக் கழற்றி, நகத்தளவு பிளாஸ்டிக் முனையை எடுத்து ஏழுமலையிடம் காட்டினேன். "கதவு மூடிக்கீதுன்னு மெஷின் கிட்ட பொய் சொன்னது இதான்."

அவர் கயிற்றைத்தான் பார்த்தார். "முடிச்சு அவுரல பாத்தியா? கயிறுதான் நீண்டுச்சு."

"அந்த முடிச்ச கழுத்துல மாட்டிக்கினு படு" என்றார் தேவகியம்மா. சொல்லிவிட்டு அழுதார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லாக் விழாமல் நிற்கிற மெஷின் நல்ல மெஷின். ஆபத்து தெரிந்துதான் நிற்கிறது. லாக் கெட்டும் ஓடுகிற மெஷினுக்குத்தான் பயப்பட வேண்டும். இப்போதெல்லாம் டோர் லாக் என்று போன் வந்தால் டீக்கடையில் வண்டியை நிறுத்துவதில்லை. முதல் கேள்வியே, "கதவ எதையாவது போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்களா?" என்பதுதான்.

பாதிப் பேர் உடனே இல்லை என்பார்கள். மீதிப் பேர் பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த யோசனை முடிவதற்குள், "மெயின ஆஃப் பண்ணுங்க" என்று கத்திவிடுகிறேன்.