மூன்று பேர் சொன்ன ஒரே மாடு

நேற்று அக்கா மகன் என் அறைக்குள் வந்து தலையைச் சொறிந்தான். "மாமா, திங்கக்கெழம இன்டர்வியூ. வாழ்க்கைல நீங்க சந்திச்ச பெரிய சிக்கல் என்ன, எப்புடிச் சமாளிச்சீங்கன்னு கேப்பாங்களாம். எனக்கு அப்புடி ஒண்ணுமே நடக்கல. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குங்களா?"

பாருங்கள், சிக்கலையும் இரவல் வாங்குகிறான்! திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் கையிலிருந்த சட்டையின் சூடு ஆறாத இஸ்திரி வாசம் மூக்கில் ஏறி, என்னை மொரப்பூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அங்கே அதே வாசத்தோடு மூன்று பேர் நின்றிருந்தோம். முனியப்பன், கோவிந்தராஜ், நான். ஒரே தெரு, ஒரே கல்லூரி, அரியர் வைத்த பாடம்கூட ஒன்றுதான். சேலத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர் வேலை. இருந்ததோ ஒரே இடம். அவர்களுக்கு இது போனால் இன்னொன்று. எனக்கு அப்படியில்லை. "இதுவும் கெடைக்கலன்னா பொட்டியக் கட்டு. பெங்களூர் போயி சித்தப்பனோட செங்கல் தூக்கு" என்று அப்பா சொல்லியாயிற்று. எனக்கோ ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ரயில் கிளம்பியதும் ஒத்திகை ஆரம்பம். ஒருவன் முதலாளி, ஒருவன் வேலை கேட்பவன். எதிர் சீட்டில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த பழக்கார அக்கா தானாகவே நீதிபதி ஆகிவிட்டார். "உங்க பலவீனம் என்ன?" என்று கோவிந்தராஜ் கேட்க, "ஓவரா உழைக்கறதுங்க சார்" என்றான் முனியப்பன். அக்கா சிரித்த சிரிப்பில் கூடையே ஆடியது.

சிக்கல் கேள்வி வந்தபோது அவர்கள் இருவரும் திருதிருவென்று முழித்தார்கள். என்னிடம் மட்டும் ஒரு மாடு இருந்தது. எங்கள் செவலைப் பசு கிணற்றில் விழுந்துவிட்டது. நான் துணிந்து உள்ளே இறங்கி, வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களைத் திரட்டி மேலே தூக்கினேன். பொம்மிடி வருவதற்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி நன்றாக மெருகேற்றிவிட்டேன். கொய்யா அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்த வேல உனக்குத்தான் சாமி" என்று ஒரு பழத்தைச் சும்மாவே கொடுத்தார்.

ஆலையில் முதலில் முனியப்பனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனான். அடுத்தது கோவிந்தராஜ். அவனும் தண்ணீர் குடிக்கப் போனான். என் மரமண்டைக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

உள்ளே மேலாளர் அதே கேள்வியைக் கேட்டார். "சார், எங்க வூட்டு மாடு..." என்று ஆரம்பித்தேன்.

"கெணத்துல வுழுந்துடுச்சுங்களா?" என்றார் அவர். பக்கத்திலிருந்தவர் மேசைக்கடியில் குனிந்துகொண்டார். "காலைலேர்ந்து ரெண்டு பேரு எறங்கியாச்சு. நெசத்தச் சொல்லுங்க, யாருதான் எறங்குனது?"

கண் முன்னால் பெங்களூர் செங்கல்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பொய்யும் வரவில்லை. "எங்கம்மாங்க சார். நாங்க மூணு பேரும் மேல நின்னு கத்திக்கிட்டு இருந்தோங்க."

"அப்ப உங்கம்மாவையில்ல அனுப்பியிருக்கணும்?"

"அவங்களுக்குப் பால் கறக்கற நேரங்க சார்."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. வேலை எனக்குக் கிடைத்தது. அந்தத் தடிப்பயல்கள் இருவரும் வெட்கமே இல்லாமல் முதல் சம்பளத்தில் புரோட்டா கேட்டு வந்தார்கள், மாட்டில் தங்களுக்கும் பங்கு உண்டாம். அம்மா மட்டும், "அடப்பாவி, கெணத்துல எறங்குனது நானு, வேல உனக்கா?" என்று ரொம்ப நாள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் சொல்லி, "வேணும்னா மாட்ட நீயும் ஓட்டிக்கிட்டுப் போ" என்றேன். அக்கா மகன் நம்பவில்லை. "ஆயாவா? கெணத்துலயா? சும்மா கத வுடாதீங்க மாமா." அவன் பார்த்த பாட்டி, கட்டிலை விட்டு இறங்கவே ஆள் கூப்பிட்டவள். அந்தக் கிணற்றை மண்ணடித்து மூடி, அதன்மேல்தான் இப்போது கார் நிறுத்துகிறோம். அம்மா போய், வருகிற தையோடு இரண்டு வருடம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கத்தாம கயித்தப் புடிங்கடா" என்று அவள் உள்ளே இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நாங்கள் மூவர்தான். மூவருமே அந்த விஷயத்தில் பொய்ச்சாட்சி.