மலிவுத் தாளில் ஐந்தாம் வகுப்பு

பள்ளிக்கூட அலுவலகத்தின் ஜன்னலோரத்தில் இருந்த இங்க்ஜெட் பிரிண்டர், வந்த புதிதில் யார் முகத்தையும் மதித்ததில்லை. விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளை அது அச்சடித்துத் தள்ளியபோது, எல்லாரும் கரி மூட்டைக்குள் ஒளிந்து விளையாடிவிட்டு வந்தவர்கள் போல இருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி. தலைமுடிக்கும் பின்னாலிருந்த மரத்துக்கும் எல்லைத் தகராறு.

"என்னம்மா இது? பரிசு வாங்கின புள்ளைங்களா, பேய் அறைஞ்ச புள்ளைங்களா?" என்றார் தலைமையாசிரியை. பள்ளி முழுக்க அவரைப் பெரிய மேடம் என்றுதான் சொல்வார்கள்.

"தாளு அப்படி, மேடம். மையெல்லாம் குடிச்சுடுது," என்றாள் அலுவலக எழுத்தராக வேலை பார்ப்பவள்.

"தாளைச் சொல்லாதீங்க. கடையைக் காலி பண்றாங்கன்னு கட்டுக் கட்டா அள்ளிட்டு வந்தது நான். இதுலேயே நல்லா வர்ற மாதிரி பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோதானே வெச்சிருக்காரு?"

வைத்திருந்தார். அவளுடைய பயமும் அதுதான். ஸ்டூடியோ என்று இப்போது சொல்வது மரியாதைக்கு. ஆளுக்கொரு போன் வந்த பிறகு, படம் பிடித்துக்கொள்ளப் படியேறுகிறவர்கள் அருகிப் போனார்கள். மிச்சம் இருந்தது இந்தப் பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படம். வருஷா வருஷம் பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றி நிறுத்தி அவர் எடுப்பார். வீட்டுக்கு ஒரு பிரதி போகும். அந்த ஆர்டர்தான் கடையின் ஷட்டரைத் தூக்கிப் பிடித்திருந்தது. அது போனால் கடையும் போகும். வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே பெரிய மேடத்தின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது அவளுக்கு அலுவலக வேலையோடு சேர்ந்த இன்னொரு வேலை.

அவள் புருஷனுக்குத் தெருவில் 'சிரிங்க' என்று பெயர். பிள்ளைகளைப் பார்த்து அவர் அதை அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அன்று சாயங்காலம் அந்தக் கரிப் படத்தை அவர் கையில் கொடுத்தபோது மட்டும் உதடு லேசாக அசைந்தது.

"யார் போட்டது இது?"

"நான்தான்."

"வெளிய சொல்லிக்காத."

பிறகு, அவள் கொண்டுவந்திருந்த வெற்றுத் தாளை எடுத்தார். விரலை ஈரம் பண்ணி ஒரு மூலையில் வைத்து எடுத்தார். திருப்பி, மறுபக்கத்திலும் வைத்து எடுத்தார்.

"இந்தப் பக்கம் விரல்ல லேசா ஒட்டுது பாரு. மையைப் பிடிக்கற பூச்சு இதுலதான் இருக்கு. நீ தாளோட முதுகுல படம் போட்டிருக்க."

"மூஞ்சி எது முதுகு எதுன்னு தாளு சொல்லுச்சா?"

"சொல்லுச்சு. நீதான் தொட்டுப் பாக்கல. அப்புறம், மெஷின்கிட்ட பொய் சொல்லாத. செட்டிங்ல பளபளத் தாளுன்னு சொன்னா அது மையைக் குடம் குடமா ஊத்தத்தான் செய்யும். பளபளப்பில்லாத மேட் தாளுன்னு உள்ளதைச் சொல்லு. இருட்டா இருக்கற நிழலை ஸ்கிரீன்ல கொஞ்சம் தூக்கி, வெளிச்சமாக்கி வை. ஸ்கிரீன்ல வெளிறின மாதிரி இருந்தாத்தான் இந்தத் தாள்ல சரியா உட்காரும். முழுப் படத்தைப் போட்டுப் பாக்காத. ஒரே முகத்தைச் சின்னச் சின்னத் துண்டா, ஒவ்வொண்ணுலயும் வெளிச்சத்தை மாத்தி, ஒரே தாள்ல போடு. நல்லா காயட்டும், அப்புறம் பாரு. ஈரத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும்."

"கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா இதைச் சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்தம்மா மனசு குளிரட்டும். நம்ம ஆர்டர் பத்திரமா இருக்கும்," என்றார்.

கல்யாணமானதிலிருந்து அவள் அந்த ஸ்டூடியோவில் பிரதிகளை வெட்டியிருக்கிறாள், உறையில் போட்டிருக்கிறாள், வந்தவர்களுக்குச் சீப்பும் கண்ணாடியும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை. "கூடமாட இருப்பா" என்பார் புருஷன். மெஷினைத் தொட்டால் "அது உனக்கு வேணாம்" என்பார். இப்போது முதல் தடவையாக ஒரு மெஷின் அவள் சொன்னதைக் கேட்டது.

அவர் சொல்லிக் கொடுத்ததோடு அவள் நிற்கவில்லை. அந்தத் தாளில் பள்ளிச் சீருடையின் கருநீலம் கறுப்பாகிவிடுகிறது என்று கண்டுபிடித்து, நீலத்தை மட்டும் தனியாக ஒரு படி இறக்கினாள். கறுத்த பிள்ளைகளின் முகம் மையில் மூழ்கிவிடாமல், அதே சமயம் வெள்ளையடித்த மாதிரியும் ஆகிவிடாமல் இருக்க எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்டாள். அது அவர் சொல்லாத விஷயம். சூடாக வந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முதுகில் மை அப்புகிறது என்று, பழைய காகிதங்கள் கிடக்கும் அறையில் கயிறு கட்டி, கிளிப் போட்டு ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள்.

"என்னக்கா, துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்களா?" என்றார் அட்டெண்டர்.

"ஆமா. உங்க மூஞ்சியையும் கொண்டாங்க, ஒரு அலசு அலசித் தர்றேன்."

அறிவிப்புப் பலகையில் படங்கள் ஏறின. பிள்ளைகள் முண்டியடித்துத் தங்களைத் தேடினார்கள். கூட்டிப்போக வந்த தாய்மார் போனை உள்ளே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். "ஆபீஸ் டீச்சர் போட்டதாம்" என்று பேச்சு அடிபட்டது. அவள் டீச்சரும் இல்லை, திருத்தவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுகூட அடுத்த படத்தில் நிழலை எப்படி ஏற்றுவது என்பதுதான் நினைப்பு. ஸ்டூடியோவுக்குப் போகும் அந்த ஆர்டர் அவளுக்கு மெல்ல மெல்ல மறந்தே போயிற்று.

பெரிய மேடத்துக்கு மறக்கவில்லை. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, மேசைமேல் இரண்டு படங்களை வைத்தார். ஒன்று போன வருஷம் ஸ்டூடியோ போட்ட வகுப்புப் படம். மற்றது அவள் போட்டது. பக்கத்தில் பெற்றோர் குழுவின் தலைவர், ஒரு மருந்துக் கடைக்காரர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுல எதும்மா ஸ்டூடியோ? சாருக்குத் தெரியலையாம்."

"நிஜமாவே தெரியலம்மா," என்றார் மருந்துக் கடைக்காரர். "கையில தங்கத்தை வெச்சுக்கிட்டு வெளிய எதுக்குத் தேடணும்?"

"அதேதான். இந்த வருஷம் டிரில் மாஸ்டர் போன்ல எடுத்துடட்டும். நீங்க இந்தத் தாள்லேயே போட்டுடுங்க. முதல்ல ஐந்தாம் வகுப்பு ஒண்ணைப் போட்டு நாளைக்குக் காட்டுங்க, கமிட்டியில சரின்னுட்டா முடிஞ்சுது. உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரே?"

தங்கம் என்ற சொல் காதில் இனித்ததையும் அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இனிப்புக்காகத்தான் பிறகு தன்மேலேயே அவளுக்கு அத்தனை வெறுப்பு வந்தது.

வீட்டில் சொன்னாள். புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், பிசைவதை நிறுத்தவில்லை. பேசியது நாத்தனார். கட்டிக்கொடுத்த வீடு சரிப்படாமல் அண்ணனோடு வந்து இருப்பவள்.

"பிரமாதம் அண்ணி. எதிர்க்கடைக்காரன் செய்வான்னு பாத்தோம். அவனுக்கு அந்தச் சிரமத்தை வைக்கல நீங்க."

"சொல்லிக் குடுத்தது உங்கண்ணன்."

"ஓ, ரெண்டு பேரும் சேர்ந்தா? அப்ப சரி. குடும்பம்னா ஒத்துமை வேணும்."

"கொஞ்சம் வாயை மூடறியா?" என்றார் அவர் தங்கையிடம். கை கழுவிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கெடுத்துடு."

"எதை?"

"நாளைக்குப் போடற படத்தை. தாளைத் திருப்பிப் போடு. பளபளத் தாளுன்னு சொல்லு. நிழலைத் தூக்காத. கரியா வரட்டும். பாத்துட்டு, ஐயையோ ஸ்டூடியோவே தேவலைன்னு அவங்களே வருவாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"உனக்குத் தெரிஞ்சா என்ன?" அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மறுநாள் டிரில் மாஸ்டரின் போனிலிருந்து ஐந்தாம் வகுப்பு வந்தது. ஓரத்துப் பையனின் தோள் வெட்டுப்பட்டிருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் தன் வழக்கப்படி திருத்தி, சரியான பக்கத்தில் ஒரு பிரதி போட்டாள். அத்தனை முகமும் தனித்தனியாக, உயிரோடு வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு நாலாக எட்டாகக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

அடுத்தது முதுகில் போட்டது. சொன்ன பொய்யை நம்பி மெஷின் மையை ஊற்றியது. தாள் நெளிந்து வெளியே வந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்றார்கள். சீருடையெல்லாம் சேர்ந்து ஒரே மைக் குளம். தன் கையால் ஒன்றைக் கெடுக்க இவ்வளவு கவனம் வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. காயக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

கமிட்டி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரிய மேடம் படத்தை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். திட்டு வரட்டும், திட்டினால் பிழைத்தோம் என்று அவள் நின்றாள்.

"ம். நல்லாத்தான் இருக்கு," என்றார் பெரிய மேடம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், இது கொஞ்சம் கறுத்திருக்கு. மூஞ்சி தெரியல. கடைசி வரிசையைப் பாருங்க."

"அட, எல்லாம் போட்டோன்னா அப்படித்தான் இருக்கும். முன்னாடி நீங்க போட்டதுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே எனக்கு. ஸ்டூடியோக் காசும் மிச்சம்." படத்தை அடுத்தவரிடம் தள்ளினார்.

மருந்துக் கடைக்காரர் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். "புள்ளைங்களுக்குத்தானே, போதும். எம் பொண்ணு எங்க? ஆங், இதோ இருக்கா."

அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது அவர் மகள் இல்லை.

"இதே மாதிரி எல்லா வகுப்புக்கும் போட்டுடுங்கம்மா. இதை வாசல்ல மாட்டச் சொல்லுங்க," என்றார் பெரிய மேடம்.

சாயங்காலம் புருஷன் கடையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் படியேறும்போதே கேட்டார்.

"கெடுத்தியா?"

"கெடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

"நீ கெடுக்கல."

"சத்தியமா கெடுத்தேங்க. முதுகுல போட்டேன். கரியா வந்துச்சு."

"கரியா வந்ததை எவன் நல்லாருக்கும்பான்? உனக்கு மனசு வரல, அவ்வளவுதான். கைதட்டு வேணும் உனக்கு."

"வாசல்ல மாட்டியிருக்காங்க. வந்து பாருங்க."

"எதுக்கு? உன் திறமையைப் பாக்கவா?"

நல்லதற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மேடம் சொன்னதை அவள் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் அவர் சந்தேகமும் தீரும், அவள் பொய்க்காரி இல்லை என்பதும் விளங்கும். ஆனால் அதைச் சொன்னால் அவர் இத்தனை வருஷம் நிழலைத் தூக்கி வைத்ததெல்லாம் என்ன ஆகும், அவள் கயிறு கட்டித் தொங்கவிட்டதெல்லாம் என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வருஷத்தோடு ஸ்டூடியோ போயிற்று. அந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். அவர் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போகிறார். அவளோடு பேசாமல் இல்லை. உப்பு இருக்கா, தண்ணி வருதா என்ற அளவுக்குப் பேச்சு உண்டு. கிடங்குக்குப் போகும் வழியில்தான் பள்ளிக்கூடம். ஒரு எட்டு உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தால் போதும், அவள் சொன்னது மெய்யென்று தெரிந்துவிடும். அவர் எதிர்ச்சாரியில் நடந்து போகிறார்.

அவள் தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போகிறாள். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் சில சமயம் கேட்பதுண்டு.

"இதெல்லாம் நீங்க போட்டதா? நல்லாருக்கே!"

"ஆமாங்க," என்கிறாள்.