பதுளையிலிருந்து லுணுகலைக்கு, சாந்தினியோடு

2005 ஆகஸ்ட் விடுமுறையில், என் நாற்பதாவது வயதில், பதுளையிலிருந்து லுணுகலை வரை சைக்கிளில் போனேன். ஏறக்குறைய முப்பத்தேழு கிலோமீற்றர். அதற்கு மூன்று மாதம் முன்புவரை எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

காரணம் என் மகள் சாந்தினி. லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் எட்டாம் ஆண்டு படித்தாள். பெரிய பெண்ணான பிறகு மாதத்தில் நாலு நாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்வாள். பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு மலசலகூடம் இல்லை என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அதைக் கட்ட, பெற்றோர் சைக்கிள் ஓட்டி நிதி சேர்ப்பது என்று பாடசாலைக் கூட்டத்தில் முடிவானது. பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் அப்பாமார். அம்மாமாரில் நான் மட்டும் கொடுத்தேன்.

4,500 ரூபாவுக்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வராத நேரம் பார்த்துத் தோட்டத்து ரோட்டில் பழகினேன். விழுந்து முழங்கால் உரிந்தது. லயத்து வீடுகளில் சிரித்தார்கள், அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் சாந்தினி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு ஓட்டுறன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்மா," என்றாள் ஒருநாள்.

காலை 5.45க்குப் பதுளையில் புறப்பட்டோம். தண்ணீரும் உண்டியலுமாகப் பின்னால் ஒரு வேன். அவள் அப்பா வற்புறுத்தியதால் சாந்தினி அதில் இருந்தாள். பசறை வரை பதினெட்டு கிலோமீற்றர், பெரும்பாலும் ஏற்றம். ஐந்து கிலோமீற்றர் தாண்டுவதற்குள் இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டேன். மற்றவர்கள் வளைவுகளில் மறைந்துபோனார்கள். சைக்கிளை வேனில் போட்டுவிடலாம், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார் டிரைவர். ஏறியிருப்பேன். அதற்குள் சாந்தினி கதவைத் திறந்து இறங்கி, என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள்.

மேலே ஒரு தேநீர்க் கடை. பிளேன்டீ ஊற்றிய அம்மா, இந்த வயதில் எதற்கு இவ்வளவு கஷ்டம் என்று கேட்டார். எல்லாரிடமும் சொல்வதைப் போல, ஸ்கூல் கட்டடத்துக்கு என்றேன். கட்டடம் கட்ட அரசாங்கம் இருக்கிறதே என்றார் அவர்.

சாந்தினி கிளாஸைக் கீழே வைத்தாள். "கட்டடம் இல்லங்க, கக்கூஸ். பொம்பளப் புள்ளைகளுக்கு இல்ல. அதனால மாசாமாசம் நாலு நாளு நான் ஸ்கூல் போறதில்ல."

தன் மகளும் ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிட்டாள், ஏன் என்று தான் கேட்டதே இல்லை என்றார் அந்த அம்மா.

பசறைக்குப் பிறகு மறுபடியும் சைக்கிளில் ஏறி ஓட்டினேன். 1.20க்கு லுணுகலை. கடைசி ஆள் நான்தான்.

அடுத்த ஆண்டு இரண்டு மலசலகூடங்கள் கட்டி முடிந்தன. குழாய் வர இன்னும் ஆறு மாதம் ஆனது. அதுவரை பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள், சாந்தினியும்தான்.

இந்தப் பாதையில் ஓட்ட நினைப்பவர்கள் ஆறு மணிக்கு முன் புறப்படுங்கள். பசறை தாண்டினால் இறக்கமும் வளைவும் அதிகம். இரண்டு பிரேக்கையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வெட்கப்படாதீர்கள். எதற்காக ஓட்டுகிறீர்கள் என்று வழியில் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாமலே பாதி மலை ஏறியிருந்தேன்.